யூரின்ல லித்தியம், கூடவே கிரியேட்டினின்: லேப் கவுண்டர்ல அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

பாளையங்கோட்டைல ஒரு சின்ன லேப்ல பதினெட்டு வருசமா டெக்னீசியனா இருக்கேன். ரத்தம் எடுக்க, யூரின் டப்பா வாங்கி லேபிள் ஒட்ட, சாயங்காலம் ரிப்போர்ட் குடுக்க, குடுக்கும்போது "யக்கா, இது என்னக்கா செவப்பு எழுத்துல போட்டுருக்கு"ன்னு கேக்குறவங்களுக்கு பதில் சொல்ல, இதுதான் தெனமும் வேலை. என் கூடப்பொறந்த தம்பி பைபோலாருக்கு, அதாவது மனசு ஒரேயடியா பொங்குறதும் சோந்து போறதுமா மாறி மாறி வார மனநோய்க்கு, பதினோரு வருசமா லித்தியம் மாத்திரை சாப்பிடுதான், அதனால இந்த விசயம் எனக்கு லேப்லயும் உண்டு, வீட்லயும் உண்டு. இப்பல்லாம் பேக்கேஜ் செக்கப்னு ஒரே டப்பா யூரின்ல இருவது முப்பது மெட்டல் பாத்து குடுக்காவ, அதுல லித்தியம்னு ஒரு வரி, பக்கத்துல "மைக்ரோகிராம் / கிராம் கிரியேட்டினின்"னு யூனிட், அத பாத்து பயந்து வாரவங்க கூடிப்போச்சு. கவுண்டர்ல ஆள் வரிசையா நிக்கும்போது நீட்டிச் சொல்ல முடியல, அதான் கேட்டதயெல்லாம் வச்சு இங்க எழுதுதேன். நான் டாக்டர் இல்ல, மாத்திரை விசயத்துல உங்க டாக்டர் சொல்லுறதுதான் கணக்கு.

லித்தியம்ங்கிறது பேட்டரில இருக்குறதுதானே, அது எப்படிக்கா என் யூரின்ல வந்துச்சு?

அதே லித்தியம்தான். 1817ல ஸ்வீடன்காரரு ஆர்ஃப்வெட்சன் ஒரு கல்லுக்குள்ள இருந்து கண்டுபிடிச்சாரு, கிரேக்க பாஷைல லித்தோஸ்னா கல்லு, பேரு அப்படி வந்ததுதான். கல்லுல இருக்குறது மண்ணுக்கும் கெணத்து தண்ணிக்கும் வரும், அங்க இருந்து காய்கறிக்கும் தானியத்துக்கும் வரும், அப்புறம் நம்ம தட்டுக்கு வரும், அதனால எந்த மாத்திரையும் தொடாத ஆளோட யூரின்லயும் கொஞ்சம் லித்தியம் இருக்கத்தான் செய்யும். உடம்பு இத ஒடச்சு வேற பொருளா மாத்தாது, உள்ள போன மாதிரியே கிட்டத்தட்ட மொத்தமும் கிட்னி வழியா வெளிய வந்துரும். மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு இது மைக்ரோகிராம் கணக்கு. மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மில்லிகிராம் கணக்கு, ஆயிரம் மடங்கு பெருசு. இந்த ரெண்டு கணக்கையும் ஒரே தராசுல போடுறதுலதான் பாதி கொழப்பம் வருது.

யூரின்ல லித்தியத்த மட்டும் அளந்தா போதாதா, கிரியேட்டினின் எதுக்கு?

ஒரு ஸ்பூன் உப்ப ஒரு டம்ளர் மோர்ல போட்டா கரிக்கும், ஒரு குடம் மோர்ல கலக்குனா நாக்குக்கே தெரியாது, ஆனா போட்ட உப்பு அதே ஒரு ஸ்பூன்தான். யூரினும் அப்படித்தான். ராத்திரி பூரா தண்ணி குடிக்காம காலைல போற யூரின் கடுக்காய் தண்ணி மாதிரி இருக்கும், ஒரு செம்பு நீராகாரம் குடிச்சிட்டு பத்து மணிக்கு போறது வெறும் தண்ணி மாதிரி இருக்கும். ஒரே ஆளு, ஒரே நாளு, லித்தியம் நம்பர் மட்டும் நாலு மடங்கு மாறிப்போகும்.

இங்கதான் கிரியேட்டினின் வருது. அது நம்ம சதைல இருந்து தெனமும் வார கழிவு, ஒரு ஆளுக்கு இன்னைக்கும் நாளைக்கும் ஏறக்கொறைய ஒரே அளவு, வளந்த ஆம்பளைன்னா ஒரு நாளைக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு கிராம் வரைக்கும் போவும். தண்ணி கூடி யூரின் நீத்துப்போனா லித்தியமும் நீத்துப்போவும், கிரியேட்டினினும் அதே அளவுக்கு நீத்துப்போவும், ஒண்ண ஒண்ணால வகுத்துட்டா தண்ணி கணக்கு அடிபட்டுரும். காலைல லித்தியம் லிட்டருக்கு 40 மைக்ரோகிராம், கிரியேட்டினின் லிட்டருக்கு 2 கிராம்னு வைங்க, வகுத்தா 20. பத்து மணிக்கு லித்தியம் 10, கிரியேட்டினின் அரை கிராம், வகுத்தா அதே 20. இப்படி வகுத்து வார நம்பரத்தான் ரேஷியோம்பாவ. சுகர் இருக்குறவங்களுக்கு யூரின்ல ஆல்புமின் கிரியேட்டினின் ரேஷியோன்னு எழுதி அனுப்புவாவல்ல, 30க்கு கீழ இருக்கணும்னு சொல்லுவாவல்ல, அதுவும் இதே சூட்சுமந்தான்.

கிரியேட்டினின் பாக்குற ஒரு முறை 1886ல ஜெர்மன்காரரு யாஃபே கண்டுபிடிச்சது, இன்னைக்கும் நெறைய லேப்ல ஓடுது. மஞ்சக் கலர் பிக்ரிக் ஆசிட்ல காரத்தச் சேத்து சாம்பிள விட்டா பைய ஆரஞ்சு கலருக்கு ஏறும், எவ்வளவு ஏறுதுன்னு மெசின் படிச்சு நம்பர் குடுக்கும். பதினெட்டு வருசம் கழிச்சும் அந்தக் கலர் ஏறுறத ஒரு நிமிசம் நின்னு பாப்பேன். லித்தியம் மைக்ரோகிராம் அளவுல பாக்க ஐசிபி எம்எஸ்னு பெரிய மெசின் வேணும், எங்கள மாதிரி சின்ன லேப்ல கிடையாது, வெளியூரு லேபுக்கு அனுப்புவோம்.

ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 85ன்னு போட்டுருக்கு, ரேஷியோ நானே போட்டுப் பாக்கலாமா?

பாக்கலாம், யூனிட்ட மட்டும் கவனிங்க. கிரியேட்டினின் அனேகமா டெசிலிட்டருக்கு மில்லிகிராம்னு இருக்கும், அத நூறால வகுத்தா லிட்டருக்கு கிராம் ஆயிரும், 85ங்கிறது 0.85. லித்தியம் லிட்டருக்கு 17 மைக்ரோகிராம்னா 17ஐ 0.85ஆல வகுங்க, 20 வரும். நூறால வகுக்க மறந்துட்டா நூறு மடங்கு தப்பா வரும், அவ்வளவுதான்.

நான் லித்தியம் மாத்திரை சாப்பிடுதேன். பேக்கேஜ் ரிப்போர்ட்ல லித்தியம் வெரி ஹைன்னு செவப்புல வந்துருக்கு. வெசம் ஏறிப்போச்சா?

இதத்தான் முக்கியமா சொல்ல வந்தேன், நிதானமா படிங்க. அந்த ரிப்போர்ட்டுக்கு பக்கத்துல போட்டுருக்க நார்மல் ரேஞ்சு மாத்திரை சாப்பிடாத ஆளுகளுக்கு உள்ளது. நீங்க தெனம் 300 மில்லிகிராம் மாத்திரை மூணு போடுதீங்கன்னு வைங்க, 900 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட்டுல சுத்தமான லித்தியம் மட்டும் 169 மில்லிகிராம் இருக்கும். பல வாரமா ஒரே டோஸ்ல இருந்தா உள்ள போறது எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவும் தெனமும் யூரின்ல வரும். உங்க கிரியேட்டினின் நாளைக்கு 1.2 கிராம்னா ரேஷியோ ஒரு லட்சத்து நாப்பதாயிரம் மைக்ரோகிராம் கிட்ட நிக்கும். சாப்பிடாத ஆளோட ரேஞ்சுக்கு முன்னால அது செவப்பு எழுத்துல வராம இருந்தாத்தான் நாம யோசிக்கணும், மாத்திரை உள்ள போகலைன்னு அர்த்தம்.

என் தம்பிக்கு இது நடந்துச்சு. வேலை பாக்குற எடத்துல எல்லாருக்கும் செக்கப்னு யூரின் எடுத்தாவ, மாத்திரை சாப்பிடுதியான்னு ஒருத்தரும் கேக்கல, ரிப்போர்ட் நேரா வீட்டுக்கு வந்துச்சு, மெட்டல் டாக்சிசிட்டின்னு தடியா எழுதி. எங்க அம்மா படிச்சிட்டு பயந்துபோயி மாத்திரை அட்டைய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டாவ, எனக்கிட்டயும் சொல்லல. ஒம்போது நாளு. நாலாவது நாளே அவனுக்கு தூக்கம் போச்சு, ஏழாவது நாளு விடியக்காலம் ரெண்டு மணிக்கு வீட்ட கழுவிட்டு இருந்தான், பேச்சு நிக்கவே இல்ல. திருப்பி ஆஸ்பத்திரில சேத்து பழைய நெலைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு. அம்மா மேல தப்பே இல்ல, ரிப்போர்ட்ல அப்படி எழுதியிருந்தா யாரா இருந்தாலும் பயப்படத்தான் செய்வாங்க. தயவுசெஞ்சு யூரின் ரிப்போர்ட்ட பாத்து லித்தியத்த நீங்களா நிப்பாட்டாதீங்க, டாக்டருக்கு ஒரு போன் போட்டுட்டு அப்புறம் எதையும் செய்யுங்க.

அப்ப யூரின் ரேஷியோவ வச்சு டோஸ் கூடவா குறையவான்னு தெரிஞ்சுக்கிட முடியாதா? ஊசி குத்தாம முடிஞ்சா நல்லாருக்குமே.

முடியாது, ஏன்னு சொல்லுதேன். நயினார்குளத்த நெனச்சுக்கிடுங்க. வாய்க்கால்ல தெனம் வார தண்ணி எவ்வளவோ அவ்வளவும் மடை வழியா வெளிய போவுது, குளத்துல தண்ணி ஒரே மட்டத்துல நிக்கு. இப்ப மடைல இலை தழை வந்து பாதி அடைச்சுக்கிட்டுன்னு வைங்க. மொத ரெண்டு நாளு வெளிய போறது குறையும், குளத்துல மட்டம் ஏறும், ஏற ஏற தண்ணி அழுத்தம் கூடி அந்த பாதி மடை வழியாவே பழைய அளவு தண்ணி திருப்பி போக ஆரம்பிக்கும். வெளிய போற தண்ணிய மட்டும் அளக்குற ஆளு "எல்லாம் பழையபடி இருக்கு"ம்பான், குளமோ கரை தட்டி நிக்கும்.

வாய்க்கால் நீங்க போடுற மாத்திரை, மடை கிட்னி, குளம் ரத்தம். கிட்னி மந்தமானா ரத்தத்துல லித்தியம் ஏறும், ஆனா நாலஞ்சு நாள்ல யூரின்ல வார மொத்தம் பழையபடியே ஆயிரும். கிரியேட்டினினுக்கும் இதே கதைதான், கிட்னி பாதியா கொறைஞ்சாலும் சதைல உண்டாகுறது உண்டாகிட்டேதான் இருக்கும், ரத்தத்துல ஏறி நின்னுக்கிட்டு யூரின்ல அதே அளவு வரும். மேல இருக்குறதும் மாறல, கீழ இருக்குறதும் மாறல, ரேஷியோ அப்படியே நிக்கும், ஆளு மட்டும் ஆபத்துல இருப்பாரு. அதனால லித்தியத்துக்கு ரத்தம்தான், வேற வழி இல்ல.

சரி, ரத்தம் எப்ப குடுக்கணும்? காலைல மாத்திரை போட்டுட்டு வரலாமா?

போட்டுட்டு வராதீங்க. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு எடுக்குற ரத்தத்துக்குத்தான் அந்த ரேஞ்சு எல்லாம் போட்டுருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு போட்டா காலைல எட்டு மணிக்கு லேப்ல இருக்கணும், காலை மாத்திரை இருந்தா பைல கொண்டு வந்து ரத்தம் குடுத்துட்டு போட்டுக்கிடுங்க. பொதுவா லிட்டருக்கு 0.6ல இருந்து 1.0 மில்லிமோல் வரைக்கும் வைப்பாவ, வயசானவங்களுக்கு டாக்டர் இன்னும் கம்மியா வைக்கலாம், 1.5 தாண்டுனா ஆபத்து, ரொம்ப வருசமா சாப்பிடுறவங்களுக்கு அதுக்கு கீழயே தொந்தரவு வரலாம்.

இன்னொண்ணு, இது உங்க கண்ணு முன்னாலயே நடக்கும், பாத்துக்கிடலாம். பச்சை மூடி போட்ட டியூப்ல லித்தியம் டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கக் கூடாது. அந்த டியூப்ல ரத்தம் உறையாம இருக்க பூசிருக்க மருந்தே லித்தியம் ஹெப்பாரின், மாத்திரையே தொடாத ஆளுக்கும் நம்பர் எகிறிக் காட்டும். செவப்பு மூடியோ மஞ்ச மூடியோ இருக்கணும். பச்சை மூடிய எடுத்தா "இது லித்தியம் டெஸ்டுக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எந்த டெக்னீசியனும் கோவப்பட மாட்டாங்க, நான் சந்தோசப்படுவேன்.

எங்க ஆச்சிக்கு ரேஷியோ 50, ஜிம்முக்கு போற பேரனுக்கு 17. ஒரே வீட்டு தண்ணி, ஒரே சாப்பாடு, எப்படி?

ஆச்சிகிட்ட லித்தியம் கூடல, கிரியேட்டினின் கொறைஞ்சிருக்கு. ரெண்டு பேருக்கும் நாளைக்கு 30 மைக்ரோகிராம் லித்தியம் வெளிய போவுதுன்னு வைங்க. பேரனுக்கு சதை இருக்கு, கிரியேட்டினின் 1.8 கிராம் வரும், வகுத்தா பதினேழு கிட்ட வரும். ஆச்சி எலும்பும் தோலுமா இருப்பாவ, 0.6 கிராம்தான் வரும், வகுத்தா அம்பது. சின்ன புள்ளைகளுக்கும், படுத்த படுக்கையா கெடக்குறவங்களுக்கும், கால் எடுத்தவங்களுக்கும் இதே மாதிரி ரேஷியோ சும்மாவே கூடிக் காட்டும். அதனால ஆளுக்கு ஆளு ஒப்பிட்டு பாக்காதீங்க. ஒரே ஆளோட பழைய ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டையும் ஒப்பிடுறதுக்குத்தான் இது நல்லா உதவும்.

முந்தின நாளு ஆட்டுக்கறி சாப்பிட்டா மாறுமா?

கொஞ்சம் மாறும். கறிய வேக வைக்கும்போது அதுல இருக்க கிரியேட்டின் கிரியேட்டினினா மாறும், அது நம்ம யூரின்ல வந்து சேரும், ரேஷியோ எறங்கிக் காட்டும். கிரியேட்டின் பவுடர் குடிக்குற பையன்களும் டெஸ்டுக்கு முன்னால சொல்லிருங்க.

"சாம்பிள் டூ டைலூட்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. தண்ணி குடிக்காம இருந்து குடுக்கட்டுமா?

லித்தியம் மாத்திரை சாப்பிடுறவங்க அத மட்டும் செஞ்சிராதீங்க, கையெடுத்து கேட்டுக்கிடுதேன். கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 30க்கு கீழயோ 300க்கு மேலயோ இருந்தா அந்த சாம்பிள்ல ரேஷியோ நம்புற மாதிரி இருக்காதுன்னு ஒதுக்குறது உண்டு. லித்தியம் ரொம்ப நாளா சாப்பிடுறவங்கள்ல சிலருக்கு கிட்னிக்கு யூரின கெட்டியாக்குற சக்தி கொறைஞ்சிரும், குடம் குடமா தண்ணி குடிப்பாவ, ராத்திரி நாலு தடவ எந்திரிப்பாவ, அவங்களுக்கு யூரின் எப்பவும் நீத்துத்தான் இருக்கும். அவங்க தண்ணிய நிப்பாட்டுனா யூரின் கெட்டியாகாது, உடம்பு காஞ்சு ரத்தத்துல லித்தியம் ஏறிரும். வழக்கம்போல தண்ணி குடிச்சிட்டு, காலைல மொத யூரின் குடுங்க. அதுவும் டைலூட்னு வந்தா அந்த விசயத்தையே டாக்டர்கிட்ட போயி சொல்லுங்க, அது அவங்களுக்கு தெரிய வேண்டிய சங்கதி.

24 மணி நேர யூரின்னா இன்னும் சரியா இருக்குமா?

முழுசா பிடிச்சா சரியா இருக்கும், முழுசா பிடிக்குறதுதான் கஷ்டம். காலைல எந்திரிச்ச உடனே போறத கீழ விட்டுரணும், அதுக்கப்புறம் போறது எல்லாத்தையும் நாங்க குடுக்குற கேன்ல பிடிச்சு, மறுநாள் அதே நேரத்துக்கு போறதையும் சேத்துக் கொண்டு வரணும். பீடி சுத்துற ஒரு அம்மா முக்கூடல் பக்கம் இருந்து பஸ்ல அந்தக் கேன மஞ்சப் பைக்குள்ள சுத்தி மடில வச்சே கொண்டு வந்தாவ, ஒரு சொட்டு சிந்தல. ஆனா கேன் பத்தாம மிச்சத்த வீட்ல கெடந்த ஜூஸ் பாட்டில்ல பிடிச்சிருந்தாவ, மெட்டல் டெஸ்டுக்கு அது ஆகாது, ரெண்டு கேன் குடுத்து அனுப்பாதது எங்க தப்பு. இப்ப எல்லாருக்கும் ரெண்டு குடுத்து விடுதேன். முழுசா பிடிச்சாங்களான்னு கிரியேட்டினின வச்சே கண்டுபிடிச்சிரலாம், அறுவது கிலோ ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராமாவது வரணும், 400 மில்லிகிராம்தான் வந்துருக்குன்னா பாதி கேனுக்கு வெளிய போயிருக்கு.

அக்னி நட்சத்திர வெயில்ல வேலை பாக்குதோம், விரதமும் இருக்கோம். லித்தியம் சாப்பிடுறவங்க எத கவனிக்கணும்?

கிட்னிக்கு லித்தியமும் உப்புல இருக்க சோடியமும் ஒரே மாதிரிதான் தெரியும். உப்பு கொறைஞ்சா, வேர்த்து ஊத்துனா, வாந்தி பேதி ஆனா, சோடியத்த விட்டுறாம பிடிச்சு வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடிச்சு வச்சிரும். மடை அடைக்குறதுன்னு மேல சொன்னேன்ல, அது இதுதான். 1949ல ஆஸ்திரேலியா டாக்டர் ஜான் கேட் லித்தியம் மனநோய்க்கு கேக்குதுன்னு எழுதுனாரு, அதே வருசம் அமெரிக்கால உப்பு ஆகாதுன்னு சொன்ன இருதய நோயாளிகளுக்கு உப்புக்கு பதிலா லித்தியம் குளோரைட வித்து, அவங்க சாப்பாட்டுல கணக்கில்லாம தூவி, சில பேரு இறந்தே போனாங்க, அப்புறம் தடை பண்ணுனாங்க. உப்பில்லாத உடம்புல லித்தியம் எப்படி ஏறும்ங்கிறதுக்கு அதவிட சாட்சி வேண்டாம்.

அதனால பிபிக்குன்னு நீங்களா திடீர்னு உப்பக் கொறைக்காதீங்க. வெயில்ல போனா மோரு, நீராகாரம், தண்ணி விடாம குடிங்க. நோம்போ விரதமோ இருக்கணும்னா முன்னாடியே டாக்டர்ட்ட கேளுங்க. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல நீங்களா டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் வாங்கிப் போடாதீங்க, அதுவும் லித்தியத்த ஏத்தும், பிபி மாத்திரைல தயசைட், ராமிப்ரில், டெல்மிசார்டன் வகையும் ஏத்தும், லித்தியம் சாப்பிடுறத சொல்லித்தான் வாங்கணும். கை பெருசா நடுங்குறது, நடை தள்ளாடுறது, நாக்கு கொழறுறது, வாந்தி பேதி, ஒரே மயக்கமா தூங்குறது இதுல எது வந்தாலும் அடுத்த டோஸ் போடுறதுக்கு முன்னால நேரா எமர்ஜென்சிக்கு போங்க, ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியோ பக்கத்துல எதுவோ. லேபுக்கு வந்து வரிசைல நிக்காதீங்க.

மெட்டல வெளிய எடுக்குற மருந்து குடுத்துட்டு அப்புறம் யூரின் பாக்கணும்னு ஒருத்தர் சொல்லுதாரு, செய்யலாமா?

வேண்டாம். கீலேஷன் மருந்து குடுத்து எடுத்த யூரின, மருந்து குடுக்காத ஆளுகளோட ரேஞ்சுல வச்சு பாத்தா எல்லாருக்கும் ஏதாவது ஒரு மெட்டல் ஹைன்னு வரும். அமெரிக்கால நச்சு மருத்துவ டாக்டர்கள் சங்கம் 2010ல இந்த டெஸ்ட் செல்லாதுன்னே சொல்லிட்டாங்க. லித்தியத்துக்கு அந்த மருந்து வேலையும் செய்யாது, வெசத்துக்கு குடுக்குற கரித்தூள்கூட லித்தியத்த பிடிக்காது. நெசமாவே ஏறிட்டா சலைன் ஏத்துவாங்க, முத்திட்டா டயாலிசிஸ், அதுதான் வைத்தியம்.

யூரின்ல லித்தியம் கம்மின்னு வந்துருக்கு, ஆன்லைன்ல லித்தியம் ஓரோடேட்னு விக்குற சத்து மாத்திரைய வாங்கி சாப்பிடலாமா?

லித்தியம் கொறைஞ்சதால மனுசருக்கு வருதுன்னு நிரூபிச்ச நோயி எதுவும் இல்ல, அதனால "கம்மி"ங்கிறது ஒரு நோயோட பேரு இல்ல. தண்ணில லித்தியம் கூட இருக்க ஊர்கள்ல மக்கள் மனசு எப்படி இருக்குன்னு 1990ல டெக்சாஸ்லயும் 2009ல ஜப்பான்லயும் கணக்கெடுத்தது உண்டு, அது ஊருக்கு ஊரு ஒப்பிட்டது, உங்க ஒரு டப்பா யூரின பாத்து மாத்திரை வாங்க சொன்னது இல்ல. பிபி மாத்திரை சாப்பிடுறவங்க, கிட்னில தொந்தரவு உள்ளவங்க, வயித்துல புள்ளைய சுமக்குறவங்க தொடவே கூடாது.

அப்ப இந்த ரேஷியோ எதுக்குமே உதவாதா?

உதவும், கேக்குற கேள்வி சரியா இருந்தா. பேட்டரி, ரசாயன வேலைல லித்தியம் தூசு படுறவங்களுக்கு நாளாவட்டத்துல ஏறுதா எறங்குதான்னு பாக்கலாம். மாத்திரை உள்ள போகுதா இல்லையான்னு சந்தேகம் வந்தா ஒரு துப்பு கெடைக்கும். கிட்னி டாக்டர் ஒரே நேரத்துல ரத்தமும் யூரினும் வாங்கி, ரெண்டுலயும் லித்தியம், கிரியேட்டினின் பாத்து, கிட்னி வடிகட்டுன லித்தியத்துல எத்தன பங்கு வெளிய விடுதுன்னு கணக்கு போடுவாரு, சாதாரணமா நாலுல ஒரு பங்கோ அஞ்சுல ஒரு பங்கோ வரும். அங்க இந்த ரேஷியோ பாதி வேலைய செய்யுது, ரத்தம் மீதிய செய்யுது.

எத்தன நாளைக்கு ஒரு தடவ ரத்தம் குடுக்கணும், வரும்போது என்ன கொண்டு வரணும்?

டோஸ் ஆரம்பிச்சப்பவும் மாத்துனப்பவும் ஒரு வாரத்துல, அப்புறம் டாக்டர் சொல்லுற கணக்குல, சீரா இருந்தா மூணு மாசமோ ஆறு மாசமோ. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தத்துல கிரியேட்டினின், தைராய்டு, கால்சியமும் சேத்து பாப்பாவ. வரும்போது சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும், பழைய ரிப்போர்ட்டையும், நேத்து ராத்திரி மாத்திரை போட்ட நேரத்த ஒரு துண்டு பேப்பர்ல எழுதியும் கொண்டு வாங்க. அந்த நேரத்த நான் டியூப் லேபிள்லயே எழுதிருவேன். போன வெள்ளிக்கிழமை என் தம்பி வந்தான், எட்டு அஞ்சுக்கு, கூட அம்மாவும் வந்தாவ, அவங்கதான் பேப்பர நீட்டுனாவ, "ராத்திரி 8.00, ரெண்டு மாத்திரை, நான் பாத்தேன்"னு அவங்க கையெழுத்துல. சாயங்காலம் 0.7ன்னு வந்துச்சு, அத மொதல்ல அம்மாவுக்குத்தான் போன் பண்ணி சொன்னேன்.